ஓடுகிற ஆட்டை எப்படி வரைவது?

வணக்கம் சார்,

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். மீன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே விலங்குகளை வரையப் பிடிக்கும். கல்யாணம், பிள்ளைகள் என்று விட்டுப்போனது இப்போது மறுபடி தொற்றிக்கொண்டது. ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு புலி, சிறுத்தை, குதிரை என்று வரைகிறேன். பார்த்தவர்கள் "போட்டோ மாதிரியே இருக்கு" என்கிறார்கள். எனக்குத்தான் அதில் உயிர் இல்லை என்று படுகிறது.

நேரில் பார்த்து வரையலாம் என்று தனுஷ்கோடிக்குப் பூநாரை பார்க்கப் போனேன். பக்கத்தில் போய் நோட்டைத் திறப்பதற்குள் கூட்டமாக எழும்பிவிட்டன. வீட்டு ஆடும் ஒரு நிமிடம் நிற்பதில்லை. எல்லாப் படமும் பாதியில் நிற்கிறது. கம்பெனிக்கு வரும் நண்டும் கணவாயும் அசையாமல் கிடக்கின்றன, ஆனால் செத்ததை வரைவதில் ஒரு தயக்கம். ஆவுளியா என்கிற கடற்பசுவை வரைய ஆசை, உயிரோடு பார்த்ததில்லை. போட்டோவைப் பார்த்து வரைவது தப்பா? "இதை வரைந்து என்ன ஆகப்போகுது" என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள்.

பெயர் வேண்டாம்,
பாம்பன்

அன்புள்ள சகோதரிக்கு,

ஆட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதுவே பதில் சொல்லிவிடும்.

ஆடு ஒரு நிமிடம் நிற்காது, உண்மை. ஆனால் அது செய்கிற காரியங்கள் ஏழெட்டுத்தான். குனிந்து மேயும். தலையைத் தூக்கிப் பார்க்கும். பின்னங்காலால் காதைச் சொறியும். முன்னங்காலை மடித்துப் படுக்கும். உடைமரத்தைக் கண்டால் காய்க்கு எட்டி இரண்டு காலில் எழுந்து நிற்கும். அப்புறம் மறுபடி குனியும். ஆகவே ஒரு தாளில் ஒரு ஆடு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பெரிய தாளாக எடுத்து, நாலைந்து ஆட்டைச் சேர்த்தே தொடங்குங்கள். குனிந்திருக்கும்போது ஒன்று. தலை தூக்கியதும் அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று. மறுபடி குனிந்ததும் முதல் படத்துக்குப் போங்கள். விட்ட இடத்தில் ஆடு உங்களுக்காக வந்து நிற்கும். விலங்குகளை நேரில் பார்த்து வரைகிறவர்கள் காலங்காலமாகக் கையாளும் வழி இது.

அப்படி வரையும்போது கண்ணிலும் மூஞ்சியிலும் தொடங்காதீர்கள். கண் சரியாக வருவதற்குள் ஆடு அடுத்த தெருவில் இருக்கும். தலையிலிருந்து வால்வரை முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் போடுங்கள். அடுத்து, உடம்பின் பாரம் எந்தக் கால்மேல் இருக்கிறது என்று பார்த்து அந்தக் காலை ஊன்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு. பென்சிலைவிட பால்பாயின்ட் பேனா நல்லது என்பேன். அழிக்க முடியாது என்று தெரிந்தால் கை பார்த்துப் போகும், கண்ணும் ஆட்டைவிட்டு நகராது.

இரண்டு விஷயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நிறைய இடத்தில் கைகொடுக்கும். ஆட்டுக்கு நம்மைப்போல் கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு சதையாலேயே பிணைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் நடக்கும்போது தோள்பட்டை தோலுக்கடியில் மேலும் கீழும் வழுக்குகிறது. இன்னொன்று, பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்கும் மூட்டு முழங்கால் இல்லை, குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இது பிடிபட்டுவிட்டால் நாய், பூனை, மாடு எல்லாவற்றின் பின்னங்காலும் பிடிபடும்.

அந்தப் பாதிப் படங்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புலியில் இல்லை என்று நீங்கள் தேடுகிற உயிர் அவற்றில்தான் இருக்கும் என்று நம்புகிறேன். புலிப் படத்தில் எங்கே நிற்பது, எந்த நொடியில் பிடிப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் படமெடுத்தவர் முன்பே முடிவுசெய்துவிட்டார். உங்களுக்கு மிச்சம் வைத்தது நிழலையும் நிறத்தையும் நிரப்புகிற வேலை மட்டும். ஆட்டிடம் எல்லா முடிவும் உங்களுடையது.

அதற்காகப் போட்டோ தப்பு என்று சொல்லமாட்டேன். ஓடும் குதிரையை நாலு காலும் முன்னும் பின்னும் விரிந்து பறப்பதாக ஐரோப்பிய ஓவியர்கள் வெகுகாலம் வரைந்தார்கள். 1878 இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாக கேமராக்களை வைத்து எடுத்த படங்கள், நாலு காலும் தரையைவிட்டு எழும்பும் நொடியில் அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்று காட்டின. கண்ணுக்கு எட்டாததைக் கேட்க போட்டோவிடம் போகலாம். நேரில் கொஞ்சம் வரைந்துவிட்டு, சந்தேகத்தோடு போங்கள்.

ஆவுளியாவுக்கு நமக்கு வேறு வழியே இல்லை, போட்டோதான். ஆனால் கவனம். இணையத்தில் கடற்பசு என்று தேடினால் மானட்டீ என்ற அதன் உறவுக்கார விலங்கும் கலந்து வரும். அதன் வால் வட்டமான துடுப்பு. நம் கடலில் இருப்பதற்கு டால்பினைப்போல இரண்டாகப் பிளந்த வால். முதுகில் துடுப்பு கிடையாது. கடற்புல்லை மேய்வதற்கு வாகாக வாய் கீழ்நோக்கித் திரும்பியிருக்கும், மேலுதடு முழுக்க முள்போன்ற மயிர். மூச்சுவிட மேலே வருவதால் மூக்குத் துவாரம் மூஞ்சியின் உச்சியில். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 இல் கடற்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த விலங்கைப் படத்தில்தான் பார்க்கப்போகிறார்கள். அந்தப் படத்தில் வால் தப்பாக இருக்கக்கூடாது.

செத்ததை வரைவதில் எந்தக் குறையும் இல்லை. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் செத்த குதிரைகளை அறுத்து, தசை எலும்பு என்று அடுக்கடுக்காக வரைய 18 மாதம் செலவிட்டார். 1766 இல் அது நூலாக வந்தது. அவர் வரைந்த உயிருள்ள குதிரைகள் அப்படி நிற்பதற்கு அந்த உழைப்புதான் காரணம். உங்களுக்கோ தினமும் கம்பெனி வாசலில் வந்து இறங்குகிறது! கணவாய் வந்தவுடன் பாருங்கள், தோலில் புள்ளி புள்ளியாக நிறம் ஓடும், கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். அதனால் முதலில் நிறங்களை வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள், உருவத்தை நிதானமாக வரையலாம். நீலக்கால் நண்டில் ஆண் நீலம், பெண் பச்சை கலந்த பழுப்பு. திருப்பிப் போட்டால் ஆணின் வயிற்று மடல் குறுகல், பெண்ணுக்கு அகலம். இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். பழைய ஓவியங்களில் பார்க்கும் செபியா என்ற பழுப்பு நிறம் கணவாயின் மைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு பையைக் கேட்டு வாங்கி, மையைத் தண்ணீரில் கரைத்து, அதைக்கொண்டே ஒரு கணவாயை வரைந்து பாருங்களேன்.

வீட்டில் கேட்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. விற்பதற்காகவும் பரிசுக்காகவும் நீங்கள் வரையவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பார்த்த கண், அரைமணி நேரம் தனக்குப் பிடித்ததைப் பார்க்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே கிடையாது.

பூநாரைக்கு மழைக்காலம் முடிந்து தை, மாசியில் மறுபடி போங்கள். தனுஷ்கோடி 2025 இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர்ப் பக்கம் இறங்காமல் சாலையோரமே உட்காருங்கள். எழும்பி எழும்பிப் பறந்தால் அவற்றின் மேய்ச்சல் கெடுகிறது. தூரத்தில் ஒவ்வொரு பறவையாக வரைய முடியாது, கூட்டத்தை ஒரே வடிவமாகப் போடுங்கள். காலில் பின்னோக்கி மடிகிற மூட்டு, ஆட்டில் சொன்ன அதே கணக்கு: அது கணுக்கால், முழங்கால் சிறகுக்குள் மறைந்திருக்கும். வர்ணம் தீட்டும்போது ரோஸை அள்ளிப் பூசாதீர்கள். நிற்கும்போது அநேகமாக வெள்ளைதான், இளம் பறவைகள் சாம்பல் பழுப்பு. இறக்கை விரித்தால்தான் சிவப்பும் கறுப்பும் தெரியும். கண்ணைப் பறிக்கிற பளீர் ரோஸ் வர்ணங்கள் பல வெளிச்சத்தில் வெளுத்துவிடும். டியூபில் குயினாக்ரிடோன் ரோஸ் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அது நிற்கும். அங்கே காற்று பலமாக அடிக்கும், தாளின் நாலு மூலைக்கும் கிளிப் எடுத்துப்போங்கள்.

அன்புடன்.