ஊழியர் குழுக்களை நடத்துபவர்கள் களைத்துவிட்டார்கள்: குரூப் கோச்சிங் உதவுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் (LGBTQ+), வீட்டில் குழந்தைகளையோ முதியோரையோ பராமரிப்பவர்கள் என நான்கு ஊழியர் குழுக்கள் மூன்று வருடங்களாக இயங்குகின்றன. நடத்துபவர்கள் எல்லாரும் தங்கள் வழக்கமான வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறார்கள். இந்த ஆண்டு இரண்டு பேர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்கள், மற்றவர்களும் சோர்ந்திருக்கிறார்கள். இவர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒரு கோச் நடத்தும் குரூப் கோச்சிங்குக்குப் பணம் ஒதுக்க நிர்வாகம் தயார். இது உண்மையில் உதவுமா? யாரைச் சேர்ப்பது, எத்தனை அமர்வு வைப்பது, பலனை எப்படிக் காட்டுவது? நான் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். நானும் அமர்வுகளில் உட்காரலாமா?

பதில்: உதவும். பல வருடங்களாகக் கோச்சிங் நடத்தும் வேலையைத்தான் செய்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் எந்தக் களைப்புக்கு உதவும் என்பதைப் பிரித்துப் பார்த்த பிறகு பணத்தைச் செலவிடுங்கள்.

விலகிய அந்த இருவரிடமும் தனித்தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். ஏன் விலகினீர்கள் என்று விசாரிக்க வேண்டாம். 'இந்தப் பொறுப்பில் எது உங்களை அதிகம் வாட்டியது?' என்று கேளுங்கள். பதில்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக வரும். 'குழு வேலை என்றாலே என் மேனேஜர் முகம் சுளித்தார், ராத்திரி உட்கார்ந்துதான் செய்தேன், சின்னச் செலவுக்குக்கூடப் பத்து முறை கேட்க வேண்டியிருந்தது' என்பது ஒரு வகை. 'உறுப்பினர்கள் மனம் விட்டுச் சொல்கிறார்கள், அதையெல்லாம் நான் எங்கே போய் இறக்கி வைப்பேன்? குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தால் யார் பக்கம் நிற்பது?' என்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குக் கோச்சிங் நல்ல துணை. முதலாவதற்கு வேண்டியது நேரம், பணம், மேலிடத்தின் ஆதரவு. அவற்றைக் கொடுக்காமல் கோச்சிங்கை மட்டும் கொடுத்தால், 'குறை உன்னிடம்தான், நீ உன்னைச் சரிசெய்துகொள்' என்று சொல்வதாகவே அவர்கள் காதில் விழும்.

அதனால் நிர்வாகத்திடம் பேசும்போது இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். குழு நடத்துபவருக்கு மாதத்தில் இத்தனை மணி நேரம் அலுவலக நேரத்திலேயே உண்டு, அது ஆண்டு மதிப்பீட்டில் கணக்கில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். லிங்க்ட்இன் நிறுவனம் 2021-ல், தன் ஊழியர் குழுக்களின் உலகளாவிய தலைவர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுப்பதாக அறிவித்தது. எல்லா நிறுவனங்களாலும் அது முடியாது, சரி. இது சம்பளத்துக்கு உரிய உழைப்பு என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை நீங்கள் எடுத்துக்காட்டலாம்.

இந்தக் குழுக்கள் எப்படித் தொடங்கின என்பதையும் மனதில் வையுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் கறுப்பின ஊழியர்கள் 1970-ல் அமைத்த குழுவைத்தான் இன்றைய ஊழியர் குழுக்களின் முன்னோடி என்று சொல்வார்கள். அந்நிறுவனம் வளர்ந்த அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் 1964-ல் நடந்த இனக் கலவரத்துக்குப் பிந்தைய சூழலில் பிறந்தது அது. பாகுபாட்டை எதிர்த்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் அவர்கள் கூடினார்கள். காலப்போக்கில் பல இடங்களில் இந்தக் குழுக்கள் விழா நடத்தும் குழுக்களாகிவிட்டன. நடத்துபவர்களின் சோர்வுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. உறுப்பினர்கள் மாற்றத்தை எதிர்பார்க்கிறார்கள், மேலிடம் நிகழ்ச்சியை எதிர்பார்க்கிறது, நடுவில் நிற்பவர் இருபக்கமும் இழுபடுகிறார்.

குரூப் கோச்சிங் என்ற பெயரில் பலவற்றை விற்கிறார்கள், அதனால் எது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பயிற்சி வகுப்பு. முன்னே நடந்தவர் தான் வந்த வழியைக் காட்டினால் அது மென்டரிங். கோச்சிங்கில் பதில் வெளியிலிருந்து வராது, நல்ல கேள்விகளின் துணையோடு அவரவரே யோசித்து எடுப்பார்கள். அதிலும் இரண்டு விதம் உண்டு. ஒரே இலக்கைச் சுமக்கும் ஒரு குழுவை, உதாரணமாக உங்கள் பெண்கள் குழுவின் நிர்வாகக் குழுவை, உட்காரவைத்தால் அது டீம் கோச்சிங். வேறு வேறு குழுக்களை நடத்துபவர்கள் அவரவர் சிக்கலோடு ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் அதுதான் குரூப் கோச்சிங். உங்கள் நிலைமைக்கு நான் இதைத்தான் சொல்வேன். நான்கு குழுக்களை நடத்துபவர்களும் தனித்தனித் தீவாக இருக்கிறார்கள், அவர்கள் படும் பாடு ஒன்றுதான் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது.

இந்த முறைக்குப் பழைய வேர் ஒன்று உண்டு. 1940-களில் பிரிட்டனின் நிலக்கரித் துறையில் இருந்த ரெக் ரெவன்ஸ், வெளியிலிருந்து நிபுணர்களை வரவழைப்பதற்குப் பதிலாக, சுரங்க மேனேஜர்களையே சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒருவர் பிரச்சினையை மற்றவர்கள் கேள்வி கேட்டு அலச வைத்தார். 'ஆக்‌ஷன் லேர்னிங்' என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த முறையை ஒட்டித்தான் நானும் அமர்வுகளை அமைக்கிறேன். மொத்தம் 90 நிமிடம். போன முறை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஆளுக்கு ஒரு நிமிடம். அப்புறம் இரண்டு பேரின் விஷயம், ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் அவர் மட்டும் பேசுவார், யாரும் குறுக்கிட மாட்டார்கள். பிறகு மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள். 'நீங்கள் ஏன் மேனேஜரிடம் பேசக் கூடாது?' என்பது கேள்வி அல்ல, கேள்விக்குறி போட்ட அறிவுரை. 'இதுவரை யாரிடமெல்லாம் பேசினீர்கள், என்ன நடந்தது?' என்பது கேள்வி. இந்த வித்தியாசம் பிடிபட இரண்டு அமர்வுகள் ஆகும், பொறுமை வேண்டும். கடைசியில் அவர் அடுத்த அமர்வுக்குள் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்வார்.

நான் நடத்திய ஒரு வட்டத்தில், பெண்கள் குழுவை நடத்திய ஒருவர், பதவி உயர்வு விஷயத்தில் மூன்று வருடமாகக் குரல் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் நொந்து பேசினார். மாற்றுத்திறனாளிகள் குழுவிலிருந்து வந்தவர் கேட்டார்: 'நிர்வாகம் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படி இதுவரை நீங்கள் கேட்டது எது?' நீண்ட நேரம் அமைதி. வருத்தத்தைத் தெரிவித்திருந்தார்கள், கருத்தரங்கு நடத்தியிருந்தார்கள், ஆனால் அப்படிப்பட்ட கோரிக்கை ஒன்றைக்கூட வைத்ததில்லை. அடுத்த மாதம் அவர் ஒரே ஒரு கோரிக்கையோடு போனார்: பதவி உயர்வுக்கான அளவுகோல்களை எழுத்தில் எல்லாருக்கும் கொடுங்கள். அந்தக் கேள்வி என்னிடமிருந்து வந்திருந்தால் இத்தனை எடை இருந்திருக்காது. சக்கர நாற்காலி போகும் வழிக்காக அதே நிர்வாகத்திடம் போராடிய ஒருவரிடமிருந்து வந்தது அது.

யாரைச் சேர்ப்பது? ஆறு முதல் எட்டுப் பேர். நான்கு குழுக்களிலிருந்தும் இரண்டிரண்டு பேராக வருவது நல்லது. ரோசபெத் மாஸ் கேன்டர் என்ற சமூகவியலாளர் 1977-லேயே ஒன்றைக் கவனித்து எழுதினார்: ஒரு கூட்டத்தில் ஓரிருவராக மட்டும் இருப்பவர்களை மற்றவர்கள் தனி மனிதராகப் பார்ப்பதில்லை, தங்கள் வகையினர் அனைவருக்கும் பிரதிநிதியாகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வட்டத்தில் யாரும் அப்படித் தனித்து நின்று, தன் சமூகத்தைப் பற்றி மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கும் நிலை வரக் கூடாது. கலந்த வட்டத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் சுட்டிக்காட்டியது போல, கறுப்பினப் பெண்களின் வேலை வழக்குகளை நீதிமன்றங்கள் இனம் என்றும் பாலினம் என்றும் தனித்தனியாகப் பார்த்தபோது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்றவர்களின் பாதிப்பு கண்ணில் படவே இல்லை. உங்கள் நிறுவனத்திலும் பார்வைக் குறைபாடுள்ள ஒரு பெண் இருப்பார், வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒரு திருநங்கை இருப்பார். அவர் எந்தக் குழுவுக்குப் போவார் என்ற கேள்வி தனித்தனிக் கூட்டங்களில் எழுவதில்லை. கலந்து உட்கார்ந்தால் எழுகிறது.

மேலதிகாரியும் அவருக்குக் கீழே வேலை செய்பவரும் ஒரே வட்டத்தில் வேண்டாம். யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஒரு சிறிய விஷயம், ஆனால் பலர் கோட்டைவிடுவது: காலண்டரில் போகும் அழைப்பின் தலைப்பு. பால்புதுமையினர் குழுவில் இருப்பவர் அதைத் தன் பிரிவில் எல்லாரிடமும் சொல்லியிருக்கமாட்டார். 'தலைமைத் திறன் அமர்வு' என்பது போன்ற பொதுப் பெயரை வைத்து, பங்கேற்பவர் பட்டியலை மறைத்துவிடுங்கள். அதேபோல வசனவரிகள் வேண்டுமா, சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா, இடைவேளை வேண்டுமா, எந்த நேரம் வசதி என்று முதல் அமர்வுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் உட்காரக் கூடாது. உங்கள் மேல் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் சரி. ஹெச்.ஆர். பொறுப்பில் இருப்பவர் காதில் சில விஷயங்கள் விழுந்தால் அவர் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், அது அவர்களுக்கும் தெரியும்.

நிறுவனம் பணம் கொடுக்கிறது, கோச் நடத்துகிறார், ஊழியர்கள் பேசுகிறார்கள். இந்த மூவருக்கும் இடையே எந்தத் தகவல் யாருக்குப் போகும் என்பதை முதல் அமர்வுக்கு முன் எழுதிக் கையெழுத்திடுங்கள். இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நிறுவனம் பொதுவான சுருக்கம் மட்டும் போதும் என்று கேட்டது. பெயர் போடாமல்தான் எழுதிக் கொடுத்தேன். வட்டத்தில் ஆறு பேர்தான் இருந்தார்கள். எதைச் சொன்னது யார் என்று மேலே இருந்தவர்கள் ஒரே வாசிப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த அமர்வில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நம்பிக்கையை என்னால் திரும்பக் கட்டவே முடியவில்லை, இன்றும் அது எனக்கு வலிக்கிறது. அதன் பிறகு நான் கொடுப்பது எத்தனை அமர்வு நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும். அதற்கு மேல் ஏதாவது போக வேண்டுமானால் வட்டத்தில் இருப்பவர்களே சேர்ந்து எழுதி, எல்லாரும் ஒப்புக்கொண்ட பிறகு அனுப்புவார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையோ, சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டியதோ வந்தால் மட்டும் விதிவிலக்கு. அதையும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பாலியல் தொல்லை போன்ற புகார்களுக்குக் கோச்சிங் வட்டம் சரியான இடம் அல்ல. எங்கே போக வேண்டும் என்ற விவரம் கோச்சிடம் முன்கூட்டியே இருக்கட்டும். மனநல ஆலோசனை தேவைப்படுபவருக்கும் அப்படியே.

அமர்வுகள் ஆறு போதும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, அலுவலக நேரத்தில். சாப்பாட்டு இடைவேளையில் வைக்காதீர்கள். முதல் அமர்வு முழுவதும் உடன்பாட்டுக்கும் அறிமுகத்துக்குமே போகட்டும். கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழ் பார்ப்பதோடு நிற்காமல் இதைக் கேளுங்கள்: 'வட்டத்தில் ஒருவர் இன்னொருவரைக் காயப்படுத்தும்படி பேசிவிட்டால் என்ன செய்வீர்கள்?' பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன் என்பவர் வேண்டாம். அங்கேயே நிறுத்தி, காயப்பட்டவரிடம் விளக்கம் கேட்டு இன்னும் சுமை ஏற்றாமல், சொன்னது எப்படிப் பட்டது என்பதைப் பேசவைப்பேன் என்பவர் இந்த வேலை தெரிந்தவர்.

பலனைக் காட்டும் கேள்விக்கு வருவோம். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு, வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை குறைந்தது என்றெல்லாம் நிரூபிக்க முடியாது. அப்படி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழு நடத்துபவர்கள் தங்கள் காலம் முழுவதும் நீடித்தார்களா, அடுத்தவரைத் தயார் செய்தார்களா, நிர்வாகத்திடம் எத்தனை தெளிவான கோரிக்கைகள் போயின, எத்தனைக்கு எழுத்தில் பதில் வந்தது என்று எண்ணுங்கள். கடைசி எண் நிர்வாகத்தைப் பற்றியது. அதைச் சேர்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்றையும் மேலிடத்துக்கு முன்பே சொல்லி வையுங்கள்: கோச்சிங் சரியாக நடந்தால் முதலில் கோரிக்கைகளும் புகார்களும் கூடும். 1990-களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவானவை அதிகமாக இருந்தன. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் தவறுகளைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். உங்கள் நிறுவனத்தில் மூன்றாவது மாதத்தில் நான்கு குழுக்களிலிருந்தும் கோரிக்கைகள் வந்து குவிந்தால், 'இதற்கா பணம் கொடுத்தோம்' என்று யாராவது கேட்பார்கள். அந்த நேரத்தில் பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். வட்டத்துக்கு வெளியே உங்களுக்கான வேலை அதுதான்.

விலகிய இருவரையும் பார்க்கும்போது, பொறுப்பில் இல்லாவிட்டாலும் இந்த வட்டத்துக்கு வர விருப்பமா என்றும் கேட்டுப் பாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். வருகிறேன் என்றால் முதல் இரண்டு இடங்களை அவர்களுக்கே ஒதுக்குங்கள்.