துருப்பிடித்த பிராக்கெட்டுகள்: எதைக் காப்பாற்றலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

கேள்வி: என்னிடம் இருக்கும் கார் 25 வருடம் பழையது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தபோது பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டைகள், சைலன்சர் பிராக்கெட், முன் பம்பர் பிராக்கெட் எல்லாம் துருவேறிக் கிடந்தன. பம்பர் பிராக்கெட்டைக் கழற்றப் போனதில் ஒரு போல்ட்டின் தலை முறிந்து, மீதி சேசிஸுக்குள்ளேயே நிற்கிறது. இந்த மாடலுக்குப் புதிய பாகங்கள் வருவதில்லை. சுரண்டிப் பெயிண்ட் அடித்தால் போதுமா, எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: துரு எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பாருங்கள். வண்டி ஓடும்போது இந்தப் பாகம் அறுந்தால் என்ன விழும், அறுவதற்கு முன் ஏதாவது சத்தம் கொடுக்குமா? பழைய வண்டியின் அடியில் படுக்கும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

உங்கள் மூன்று பாகங்களையும் இப்படிப் பார்ப்போம். சைலன்சர் பல இடங்களில் ரப்பரில் தொங்குகிறது. ஒரு பிராக்கெட் போனால் கடகடவென்று சத்தம் வரும், நீங்கள் நிறுத்திப் பார்ப்பீர்கள். பம்பர் பிராக்கெட் தளர்ந்தால் பம்பர் ஆடும், கண்ணுக்கே தெரியும். டேங்க் பட்டை அப்படியில்லை. சத்தமே போடாமல் இருந்துவிட்டு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அறுந்துவிடும். டேங்க் ஒரு பக்கமாகச் சாயும், பெட்ரோல் குழாய் பிய்ந்துகொள்ளும். அதனால் பம்பர், சைலன்சர் பிராக்கெட்டுகளைச் சோதித்துப் பார்த்துக் காப்பாற்ற முயலலாம். டேங்க் பட்டைகளைக் காப்பாற்ற முயலவே வேண்டாம், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத சிலவும் டேங்க் பட்டையின் வரிசையில்தான் வருகின்றன: சஸ்பென்ஷன் ஆர்ம் பிடிக்கும் இடம், ஷாக் அப்சார்பரின் மேல் பிடிப்பு, ஸ்டியரிங் பெட்டி, சீட் பெல்ட்டும் சீட்டும் தரையில் பூட்டியிருக்கும் இடம். அடியில் படுத்திருக்கும்போதே இவற்றையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். அங்கே தகடு செதில் செதிலாக உரிந்தால் பெயிண்டைப் பற்றி யோசிக்காமல், சேசிஸ் வெல்டிங் தெரிந்தவரிடம் வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள்.

டேங்க் பட்டையில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று தோன்றலாம். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் உரசாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டி இருக்கும். மழைத் தண்ணீரும் சேறும் அதற்குள் புகுந்தால் சீக்கிரத்தில் காயாது. பட்டை உள்பக்கத்திலிருந்தே அரிக்கப்படும், நமக்குத் தெரியும் வெளிப்பக்கம் கறுப்புப் பெயிண்டோடு நல்லாவே இருக்கும். ஒருமுறை வெளியில் ஒரு கீறல்கூட இல்லாத பட்டையை நான் கழற்றினேன். போல்ட் இளகியதும் வளைவில் முறிந்து இரண்டு துண்டாகக் கையில் வந்தது. மடித்துப் பார்த்தால் உள்பக்கம் காகிதம் போல மெலிந்திருந்தது. அன்றிலிருந்து டேங்க் பட்டையைக் கண்ணால் மட்டும் பார்த்து நான் நம்புவதில்லை.

கழற்றும் முன் பெட்ரோலை முடிந்தவரை குறைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய முக்கால் கிலோ. 20 லிட்டர் கிடந்தால் டேங்கின் எடையோடு இன்னும் 15 கிலோ கூடும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். டேங்குக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து, அதை இன்னொரு ஜாக்கியால் தாங்கிக்கொண்ட பிறகே போல்ட்டில் ஸ்பேனர் போடுங்கள். அந்தப் பக்கத்தில் கிரைண்டர், வெல்டிங், கேஸ் எதுவும் வேண்டாம். டேங்க் காலிதானே என்று நினைத்துவிடாதீர்கள். நிறைந்த டேங்கைவிட ஆவி அடைத்த காலி டேங்க்தான் வெடிக்கும். போல்ட் வரவே இல்லையென்றால் எண்ணெய் விட்டுக்கொண்டே கை ரம்பத்தால் அறுங்கள். பட்டை வந்த பிறகு அது ஒட்டியிருந்த இடத்தில் டேங்கையும் துடைத்துப் பாருங்கள், அதே ஈரம் டேங்கையும் தின்றிருக்கலாம்.

புதுப் பட்டை கிடைக்காதது பெரிய தடையில்லை. இரும்பு வேலை செய்யும் பட்டறையில் பழையதை மாதிரியாகக் கொடுத்துச் செய்யச் சொல்லலாம். துண்டாகிவிட்டாலும் அட்டையில் வைத்து அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அகலமும் கனமும் பழையது புதிதாக இருந்தபோது என்ன இருந்ததோ அதே இருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் அளந்து சொன்னால் மெலிந்த பட்டைதான் வரும். வளைவுகளைக் கூர்மையாகச் சுத்தியால் அடித்து மடிக்கக் கூடாது, உருண்டையாக வளைக்கச் சொல்லுங்கள். கூர்மையான மடிப்பில்தான் பிற்பாடு வெடிப்பு விடும். ஓட்டைகளைக் கேஸால் வெட்டாமல் ட்ரில் போடட்டும். பட்டையின் முனையில் போல்ட்டைப் பற்றவைத்திருந்தால் முழு எடையும் அந்த ஒட்டில் நிற்கும், கை பழகியவரிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள். முடிந்தால் துத்தநாகப் பூச்சு ஏற்றி, புது ரப்பர் பட்டியோடு மாட்டுங்கள். பிரித்த வண்டியிலிருந்து பழைய பட்டை கிடைத்தால் வாங்கலாமா என்றால், அதற்கும் உங்கள் வண்டியின் வயதுதான். உள்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

சரி, இனி பம்பர் பிராக்கெட். முதலில் கம்பி பிரஷ்ஷால் செதில்களை எல்லாம் உதிர்த்துவிடுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் தடிமனான செதில் உதிர்ந்ததைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அடியில் போன இரும்பு அதில் ஒரு சிறு பங்குதான். பிறகு சின்னச் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று ஒலிக்கும், செத்த இரும்பு ‘தொப்’ என்னும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தும்போது குழி விழுந்தால் அந்தப் பாகம் முடிந்தது. குழி விழவில்லையென்றால் கனம் அளக்கும் வெர்னியர் கருவி வைத்து அளந்து பாருங்கள். பெயிண்ட் போகாத ஒரு மூலையில் இருக்கும் கனம்தான் மூல அளவு. மிக மெலிந்த இடத்தில் அதில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் நான் புதிது செய்துவிடுவேன். இது என் அனுபவக் கணக்கு. ஓட்டையைச் சுற்றி, வளைவில், வெல்டிங் ஓரத்தில் இன்னும் கறாராக இருப்பேன். வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தாலோ, அங்கிருந்து முடியளவு வெடிப்பு கிளம்பியிருந்தாலோ பெயிண்ட் அடிக்கும் வேலையே வேண்டாம்.

தேறிய பாகத்தைச் சுத்தம் செய்ய எளிய வழி, சிட்ரிக் அமிலக் கரைசலிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைப்பது. எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். அப்படியே ஈரத்தோடு வைத்தால் சில நிமிடங்களிலேயே மஞ்சளாகப் புதுத் துரு பூக்கும். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்து மின்சாரத்தால் துரு எடுப்பதும் நன்றாக வேலை செய்யும். பாகத்துக்கு நெகட்டிவ், பக்கத்தில் தொங்கவிடும் வீண் இரும்புக்குப் பாசிட்டிவ். அந்த இடத்தில் ஸ்டெயின்லெஸ் தகடு தொங்கவிடாதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். உயர்பலப் போல்ட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் அமிலத்திலும் இந்தத் தொட்டியிலும் போடவே கூடாது. ஹைட்ரஜன் இரும்புக்குள் ஏறி அவை பிறகு கண்ணாடி போல முறியலாம்.

துருவைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ அதில் இருக்கும். பிரஷ் விட்டு உரச முடியாத குழிகளில் மிச்சத் துருவை அடக்க அது நல்லது. போன இரும்பை அது திருப்பித் தராது.

பெயிண்டுக்கு எபாக்சி பிரைமரோ, துத்தநாகம் நிறைந்த பிரைமரோ இரண்டு பூச்சு, மேலே உங்களுக்குப் பிடித்த நிறம். கூர்மையான ஓரங்களை அரத்தால் கொஞ்சம் உருட்டிவிடுங்கள், அங்கேதான் பெயிண்ட் மெலிதாக நின்று முதலில் துரு பிடிக்கும். பிராக்கெட்டும் சேசிஸும் உட்காரும் முகத்தில், போல்ட் தலைக்கு அடியில் கனமாக அடிக்காதீர்கள். இறுக்கத்தில் பெயிண்ட் நசுங்கி வழிந்து போல்ட் தளர்ந்துவிடும். எர்த் ஒயர் பூட்டும் இடத்தில் இரும்பு வெறுமையாகத்தான் இருக்க வேண்டும், பூட்டிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். அடிப்பக்கத் துருவின்மேல் அப்படியே தார்ப்பூச்சு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் தின்னும்.

அப்புறம் அந்த முறிந்த போல்ட். இன்னும் கழற்றாத போல்ட்டுகள் இருப்பதால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், நட் பாதி தூரம் வந்து துருப்பிடித்த மரையில் சிக்கிப் போல்ட் முறிகிறது. துரு இளக்கும் எண்ணெயை இரண்டு நாள், காலையும் மாலையும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் போல்ட் தலையில் சுத்தியால் நான்கு தட்டு தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையை உருட்டிவிடும், ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள். முதலில் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள், துருவின் பிடி விட்டால் அதற்குப் பிறகு கழற்றுங்கள். கால் சுற்று கழற்றினால் எட்டில் ஒரு சுற்று உள்ளே திருப்பி, திரும்பக் கழற்றி, அப்படியே பொறுமையாக வெளியே கொண்டுவாருங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் சூடு. நட்டைச் சிவக்கக் காய்ச்சி, கொஞ்சம் ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ரப்பர் புஷ் பக்கத்தில் இருந்தால் சூடு வேண்டவே வேண்டாம். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் தீ காட்டாதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும்.

முறிந்தது கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் பற்றவையுங்கள். பிடி கிடைப்பதைவிட, அந்த வெல்டிங் சூடு மரையை இளக்குவதுதான் இதில் பாதி வேலை. சிவப்பு மாறி ஆறியதும் ஸ்பேனர் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும். மட்டமாக முறிந்திருந்தால் நடுவில் கூர் முனைப் பஞ்ச் வைத்துச் சின்னக் குழி அடித்து 3 மி.மீ. ஓட்டையிலிருந்து மெல்லப் பெருக்கிக்கொண்டு போங்கள். பஞ்ச் நடுவில் விழ வேண்டும், அதற்காக எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். இடப்பக்கம் சுற்றும் ட்ரில் பிட் கிடைத்தால் ஓட்டை போடும்போதே போல்ட் சுழன்று வந்துவிடுவதுண்டு. 8 மி.மீ. சாதாரண மரைக்கு 6.8 வரை, 10 மி.மீ. சாதாரண மரைக்கு 8.5 வரை ஓட்டை போட்டால் மிச்ச மரைச்சுருளை, மரை வெட்டும் கருவியான டேப்பால் எடுத்துவிடலாம். முறிந்த போல்ட்டின் ஓட்டைக்குள் திருகி அதை வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மட்டும் முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள். அது கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண ட்ரில் அதன்மேல் ஏறாது, உங்கள் பிரச்சினை இரண்டாகிவிடும்.

பெட்டி வடிவ சேசிஸுக்குள் ஒட்டியிருக்கும் நட்டே பிய்ந்து போல்ட்டோடு சேர்ந்து சுற்றினால், எடை தாங்காத பக்கமாகப் பார்த்துச் சின்ன ஜன்னல் வெட்டி நட்டைப் பிடித்துக் கழற்ற வேண்டியிருக்கும். புது நட்டை உள்ளே பற்றவைத்து, ஜன்னலை மூடி, உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பு பீய்ச்ச வேண்டும். இதை வெல்டிங் தெரிந்தவர் செய்யட்டும்.

பழைய போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். பம்பருக்கும் டேங்க் பட்டைக்கும் தலையில் 8.8 என்று பொறித்தது எடுங்கள். முதல் 8 என்பது 800 மெகாபாஸ்கல் இழுவிசை வரை தாங்கும் என்பதைக் குறிக்கும். துருப்பிடிக்காதே என்று ஸ்டெயின்லெஸ் போட நினைப்பீர்கள். வழக்கமாகக் கிடைக்கும் 70 தரம் 700 மெகாபாஸ்கல்தான், அதோடு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் சில சமயம் பாதியில் பற்றிக்கொண்டு நகராது. இறுக்கத்துக்கு வண்டியின் கையேட்டில் அளவு இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் எண்ணெய் படாத 8.8 போல்ட்டுக்கு, இரும்போடு இரும்பு சேரும் இடத்தில், 8 மி.மீ. என்றால் சுமார் 25, 10 மி.மீ. என்றால் சுமார் 50 நியூட்டன் மீட்டர். டேங்க் பட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரப்பர் சீராக நசுங்கி டேங்க் ஆடாமல் நிற்கும் அளவுதான் இறுக்கம், மிஞ்சினால் டேங்க் ஒடுங்கும். மரையில் காப்பர் கிரீஸ் தடவினால் வழுக்கல் கூடும், ஐந்தில் ஒரு பங்காவது குறைத்து இறுக்குங்கள்.

சைலன்சர் பிராக்கெட் இதில் சுலபமானது. தேறாவிட்டால் பழையதைப் பார்த்து அதே கனக் கம்பியில் வளைத்துப் புதிது செய்யலாம். தொங்கும் ரப்பர்களை எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று தொய்ந்ததுமாக இருந்தால் எடை முழுதும் புதியதன் பிராக்கெட்டில் ஏறும்.

முதலில் டேங்க் பட்டைகளை முடியுங்கள். அதுவரை டேங்கை நிரப்பாதீர்கள், அவசியம் இல்லாமல் வண்டியை எடுக்க வேண்டாம். எல்லாம் மாட்டி 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் வட்டமாக விரிசல் விட்டிருந்தாலோ, வாஷருக்கு அடியிலிருந்து பழுப்புக் கோடு வழிந்திருந்தாலோ அந்தப் பிடிப்பு உள்ளே அசைகிறது. இறுக்கி அனுப்பிவிடாமல், கழற்றி முகத்தைச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுங்கள்.