றம்பொடை ஏற்றத்தில் நின்றுபோகும் பெட்ஃபோர்ட் லொறி

கம்பளையிலிருந்து நுவரெலியா கண்காட்சிக்குக் கொண்டுபோக இருக்கிற உங்கள் பெட்ஃபோர்ட் கியூஎல், அதாவது இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய இராணுவ லொறி, ஒத்திகை ஓட்டத்தில் றம்பொடை தாண்டி நின்றது, அரை மணிநேரம் ஆறியதும் தானாகப் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெற்றோல் குழாயில் ஆவி அடைப்பைத்தான்; பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி ஓட்டத்தை மறித்துவிடும். உயரம் கூடக்கூட பெற்றோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். குழாய் சைலன்சர் பைப்பை ஒட்டிப் போகிறதா பாருங்கள். விலக்கிக் கட்டி, துணி நாடா சுற்றுங்கள். வழியில் நின்றால் பம்பின் மேல் ஈரச்சாக்கைப் போட்டால் போதும்.

பிளக் கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் மட்டும் காற்றோடு கலக்கும் பெற்றோலின் அளவைக் குறையுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர்; அங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். இருக்கிற 72 குதிரைவலுவிலும் அதே அளவு போய்விடும். அவசரப்படாமல் இரண்டாம் கியரில் ஏறுங்கள்.

இறங்கும்போதுதான் எனக்குப் பயம். பிரேக்குக்கு உதவும் சர்வோ எஞ்சினின் உறிஞ்சலில் வேலை செய்கிறது; எஞ்சின் நின்றால் அந்த உதவியும் போய்விடும். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி உருட்டும் நம்மூர்ப் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பெயின்ட். பளபளப்பு வேண்டாம், மங்கல்தான் சரி. 1944இல் நேசநாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. அதன் சின்னம் பீனிக்ஸ் பறவை. ஆனால் உங்கள் லொறி அங்கே ஓடியதற்கு ஆதாரம் இல்லாமல் அதை வரையாதீர்கள், கேட்கிறவர்கள் கேட்பார்கள். புல்தரையில் நிறுத்தினால் அடியில் ஒரு தகரத் தட்டு வையுங்கள், எண்ணெய் கட்டாயம் சொட்டும்.