ஓட ஓட வேகம் குறைகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 34 வயது. சொந்த ஊர் கும்பகோணம். மூன்று ஆண்டுகளாக பெர்லினில் ஐ.டி. வேலை. சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. சென்ற செப்டம்பரில் ஓர் அரை மாரத்தானை (21.1 கிலோமீட்டர்) 2 மணி 9 நிமிடத்தில் ஓடினேன். வசந்தத்தில் நடக்கும் பெர்லின் அரை மாரத்தானை 2 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. காலையில் ஃபில்டர் காபி மட்டும் குடித்துவிட்டு, வாரம் ஐந்து நாள், எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி. மதியம் சாலட், இரவு தயிர்சாதம். டிசம்பரிலிருந்து அதே வேகத்துக்கே மூச்சு முட்டுகிறது, படியேறினால் கால் கனக்கிறது. வலது காலின் முன்னெலும்பிலும் வலி. மாதவிலக்கு 45, 50 நாள் என்று தள்ளிப் போகிறது. தோழிகள் பீட்ரூட் ஜூஸ் குடிக்கச் சொல்கிறார்கள். பயிற்சியை இன்னும் கடுமையாக்கட்டுமா?

பதில்: வேண்டாம். ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதிவிட்டு, மாதவிலக்கைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு அதுதான் முதல் வரி.

கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தைராய்டு, நீர்க்கட்டி போன்ற காரணங்களையும் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைப் பார்த்தால் என் சந்தேகம் வேறு. ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றலுக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளில்தான் முதலில் கை வைக்கும்; கருமுட்டை வெளியாவது அதில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் வலுவிழக்கும். விளையாட்டு வீரர்களிடம் இது அதிகம் தென்படுவதால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு 'ரெட்-எஸ்' (RED-S) என்று தனிப்பெயரே வைத்தது. ஒல்லியானவர்களுக்கு மட்டும் வருவதல்ல. எடை இம்மியும் குறையாமலே வரலாம்.

ஆகவே வெறும் வயிற்றில் ஓடுவதை இன்றோடு விடுங்கள். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம், ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பாடு. இரண்டு இட்லி வயிறாரச் சாப்பாடு ஆகாது. மதியச் சாலடில் கொண்டைக்கடலையோ பயறோ ஒரு கிண்ணம் சேருங்கள். நியூக்கோல்ன் பக்கம் துருக்கிக்காரர் கடைகளில் பருப்பு, எள், பேரீச்சை எல்லாம் நம்மூர் மளிகைக் கடை போலவே கிடைக்கும்.

அடுத்தது ரத்தம். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தால் 'ரத்தசோகை இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள். ஓடுகிற பெண்ணுக்கு அது போதாது. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் கேட்டு வாங்குங்கள். அது 30-க்குக் கீழே போனால் கையிருப்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சைவ உணவிலுள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இன்னும் மோசம். டிகிரி காபியை விடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள், சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். கீரையை மட்டும் நம்பிப் பயனில்லை, அதிலிருந்து கிடைக்கும் இரும்பு சொற்பம்.

மாத்திரை தேவைப்பட்டால், தினமும் போடுவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் நன்றாகச் சேர்கிறது; வயிற்றுத் தொந்தரவும் குறைவு. ஆனால் பரிசோதிக்காமல் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நம்மவர்களில் சிலருக்குப் பரம்பரையாகத் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கும். சிவப்பணு சிறுத்திருக்கும், இரும்போ போதுமான அளவு இருக்கும். பி12-ஐயும் சேர்த்துப் பாருங்கள்.

வைட்டமின் டி பெர்லினில் தனிப் பிரச்சினை. டிசம்பரில் காலை எட்டுக்கு மேல் விடிகிறது, மாலை நாலுக்குள் இருட்டிவிடுகிறது. அந்த அட்சரேகையில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் அடித்தாலும் தோலில் வைட்டமின் டி உருவாகப் போதாது. நம் மாநிறத்துக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். சூரிய ஒளி கிட்டாத காலத்துக்கு ஜெர்மானிய ஊட்டச்சத்துச் சங்கம் சொல்வது நாளொன்றுக்கு 800 யூனிட். பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் அளவைக் கூட்டித் தருவார். அங்கே காரணம் சொல்லாமல் கேட்டால் இந்தப் பரிசோதனைக்குக் கைக்காசு போகலாம். எலும்பு வலியையும் மாதவிலக்கையும் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்த முன்னெலும்பு. நாற்காலியில் உட்கார்ந்து, எலும்பின் உள்விளிம்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அநேகமாக 'ஷின் ஸ்பிளின்ட்'. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தாலோ, ராத்திரி படுக்கையிலும் வலித்தாலோ எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். அப்படியானால் ஒரு நாள்கூட ஓடக்கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். 'எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே' என்று ஓடப்போய், கட்டுப்போட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கால் சரியானபின் ஓட்டத்துக்கு வருவோம். 2 மணி 9 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 நிமிடம் 7 விநாடி. நீங்கள் தினசரி ஓடுவது 6:10-இல். அதாவது வாரம் ஐந்து நாள் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்! நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்னணி நெடுந்தூர வீரர்களின் பயிற்சியை அலசிக் கண்டது இதற்கு நேர்மாறு: அவர்களுடைய பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு மெதுவான ஓட்டம்தான்.

உங்களுக்கு மெதுவு என்பது ஏழு நிமிடத்தை ஒட்டி. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். கூட ஓடுபவரிடம் நேற்று வைத்த வத்தக்குழம்பின் பக்குவத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அதுதான் சரியான வேகம். வாரம் நான்கு நாள் போதும். இரண்டு நாள் இப்படி, ஒரு நாள் இதே மெதுவில் நீண்ட தூரம், ஒரே ஒரு நாள் வேகம். வேகத்துக்கு டெம்பல்ஹோஃபின் பழைய ஓடுபாதை அருமையான இடம். விமானம் இறங்கிய தளம், மேடு பள்ளம் கிடையாது. நாலு நிமிடம் விரைவு, மூன்று நிமிடம் மெதுவு என்று ஐந்து முறை. பனி உறைந்த நாளில் மட்டும் அங்கே போகாதீர்கள், எதிர்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வசந்தத்தில் 2 மணி நேரம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். பெயர் கொடுத்திருந்து, காலும் தேறியிருந்தால், வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓடி முடியுங்கள். இரும்புக் கையிருப்பு நிரம்பவே மாதங்கள் ஆகும். இலக்கு இலையுதிர்காலப் பந்தயமாக இருக்கட்டும்.

பீட்ரூட் ஜூஸ் தாராளமாகக் குடிக்கலாம். அதிலுள்ள நைட்ரேட்டால் சிலருக்குச் சிறு பலன் உண்டு, உங்கள் பிரச்சினைக்கு மருந்தல்ல. மறுநாள் சிறுநீர் சிவந்து போனால் பயப்படாதீர்கள். ஆனால் பீட்ரூட் குடிக்காத நாளில், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு தசைகள் கடுமையாக வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.