மதிலில் ஒட்டியதற்கு யார் காவல்?

கேள்வி: கனடாவில் என் தம்பி தன் வீட்டு முற்றத்தில் நாட்டிய வேட்பாளர் பலகையை யாரும் பிடுங்கினால் அது அங்கே குற்றமாம். இங்கே எங்கள் கட்சிச் சுவரொட்டிகளில் எதிரணியினர் இரவோடிரவாகக் கழிவு எண்ணெய் பூசிவிட்டார்கள். நம் நாட்டில் ஏன் அப்படியொரு பாதுகாப்புச் சட்டம் இல்லை?
வாசகர் ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கள் தம்பி சொன்னது சரியே. கனடாத் தேர்தல் சட்டத்தின் 325ஆம் பிரிவு, ஒரு தேர்தல் விளம்பரம் மக்களைச் சென்றடைவதை உரியவரின் சம்மதமின்றித் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. வாடகைக்கு இருப்பவர் தம் குடியிருப்பில் தேர்தல் சுவரொட்டி வைப்பதை வீட்டுக்காரர் தடைசெய்ய முடியாது என்கிறது 322ஆம் பிரிவு. ஆனால், தம்பி பலகை நாட்டியது தம் சொந்த முற்றத்தில். தங்கள் கட்சியினர் ஒட்டியது யாருடைய மதிலில் என்பதைத் தாங்கள் எழுதவில்லை.

நமது சட்டம் வேறு திசையில் நிற்கிறது. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, வேட்புமனுக் காலத்தின் முதல் நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு மறுநாள் வரை, பொதுமக்கள் சென்றுவரும் இடங்களிலும் வீதிகளிலும் சுவரொட்டி, வேட்பாளரின் படம், சின்னம் ஆகியவற்றைப் பிரசாரத்துக்காகக் காட்சிப்படுத்துவது குற்றம். கூட்டம் நடைபெறும் நாளில் அந்த இடத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. கொடியையும் பதாதையையும் தனியார் வளவிலுங்கூடக் கட்ட முடியாது. ஆகவே அந்தக் காலத்தில் வீதியோர மதிலில் ஒட்டிய சுவரொட்டிக்குச் சட்டத்திடம் காவல் கேட்பது, சட்டம் தடுத்த பொருளுக்கு அதே சட்டத்திடம் அடைக்கலம் கேட்பதாகும்.

அதற்காக எண்ணெய் பூசியவரின் செயல் நியாயமாகிவிடாது. அகற்றும் அதிகாரத்தைச் சட்டம் பொலிஸாருக்கே கொடுத்திருக்கிறதே தவிர, வாளியோடு இரவில் வருபவருக்குக் கொடுக்கவில்லை. அவர் எதிரணிக்காரர்தான் என்று தாங்கள் முடிவுகட்டியதும் அவசரம். நான்கு ஆசனங்கள் கொண்ட நமது மாவட்டத்தில் ஒவ்வொரு கட்சியும் ஏழு பேரை நிறுத்துகிறது. கட்சிக்கு வாக்களிப்பவர் அதன் பட்டியலில் தமக்கு விருப்பமானவர்களையும் குறிக்கும் விருப்பு வாக்கு முறை 1989 தேர்தல் முதல் நடைமுறையில் இருப்பதால், ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவரோடொருவர் போட்டியிடுகிறார்கள். தங்கள் வேட்பாளரின் முகம் மறைந்து பக்கத்திலிருந்த கட்சிச் சின்னம் மட்டும் தப்பியிருந்தால், அதையும் யோசித்துப் பாருங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள மதிலில், ஒரு தாயாரின் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் மேல் பசை காயாத வேட்பாளர் முகமொன்றைக் கண்டேன். முப்பத்தோராம் நாள்கூடக் கழியாத அந்த வீட்டாரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனினும், தம் வீட்டு வாசலில் தம் விருப்பத்தோடு ஒருவர் கட்டும் சிறு பதாதையையும் தடுக்கும் இன்றைய விதி எனக்கு உடன்பாடானதன்று. அதை அனுமதித்து, கிழிப்பவரைத் தண்டிக்கும் திருத்தம் வரவேண்டும். பணமில்லாத வேட்பாளருக்கு வாசல்கள்தான் மிஞ்சுகின்றன. தொலைக்காட்சி விளம்பரம் அவருக்கு எட்டாது. அதுவரை இருக்கும் சட்டம் எல்லோர் மீதும் ஒரே அளவில் பாய வேண்டும். பெரிய கட்சியின் கட்டவுட் நிற்க, சுயேச்சைக் குழுவின் சுவரொட்டி மட்டும் கிழிக்கப்படுவதைத் தாங்கள் கண்டால், இரண்டையும் ஒரே நாளில் படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து, மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதன் பிரதியை எமக்கும் அனுப்புங்கள், பிரசுரிப்போம்.