1978ல் வந்த 'அனிமல் ஹவுஸ்' என்ற அமெரிக்கக் காலேஜ் காமெடி படத்தை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? இப்போது பார்த்தால் சிரிப்பு வருமா?

முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வரவில்லை. கல்லூரி விடுதியில் நண்பனின் கணினியில், சப்டைட்டில் இல்லாமல் பார்த்தேன். ஹாஸ்டலுக்கு எதற்குக் கிரேக்க எழுத்தில் பெயர், சேர்வதற்கு எதற்கு மெழுகுவத்தியும் சத்தியப் பிரமாணமும் என்று ஒன்றும் புரியவில்லை. பாதியில் தூங்கிவிட்டேன்.

அந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், படம் திறந்துகொள்ளும். ஃப்ராட்டர்னிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் சங்கம். தனி வீடு, தனிச் சடங்கு. புதிதாகச் சேர வருகிறவன் 'பிளட்ஜ்'. அவனைப் படுத்தி எடுத்துத்தான் உள்ளே விடுவார்கள். சந்தா கட்டி வாங்கிக்கொள்ளும் ராகிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை 1962ல், ஃபேபர் என்ற கற்பனைக் கல்லூரியில் நடக்கிறது. அங்கே இரண்டு சங்கங்கள். பணக்கார, இஸ்திரி கலையாத பையன்களுக்கு ஒமேகா. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு டெல்டா. டெல்டாவை ஒழித்துக்கட்ட டீன் வோர்மர் கிளம்புகிறார். அவ்வளவுதான் கதை.

எழுதிய மூவரில் கிறிஸ் மில்லர், டார்ட்மவுத் கல்லூரியில் தான் இருந்த சங்கத்தின் கூத்துகளை 'நேஷனல் லாம்பூன்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் கதைகளாக எழுதியவர். டக்ளஸ் கென்னி அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். மூன்றாமவர் ஹரோல்ட் ராமிஸ். அவரும் ஒரு சங்கத்தில் இருந்தவர்தான். அதனால்தான் படத்தில் வரும் அழுக்குக்கூட உள்ளே வாழ்ந்தவன் பார்த்த அழுக்காக இருக்கிறது.

ஆனால் ஆபாசமும் குடியும் கலாட்டாவும் உள்ள காலேஜ் படங்கள் இதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. பெரும்பாலானவை மறந்தும் போய்விட்டன. இது நிற்பதற்கு நான் நினைக்கும் காரணம், படத்தில் யாரும் காமெடி படத்தில் நடிப்பதாகக் காட்டிக்கொள்வதில்லை என்பதுதான். இயக்குநர் ஜான் லாண்டிஸ் இசைக்கு எல்மர் பெர்ன்ஸ்டீனைப் பிடித்தார். 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்', 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' படங்களுக்கு இசையமைத்த மனிதர். அவரிடம், இதை நகைச்சுவையாகவே நினைக்காமல் சீரியஸ் படம் மாதிரி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆரம்பக் காட்சியையே பாருங்கள். கம்பீரமான இசை, கல்லூரி நிறுவனரின் சிலை, அடியில் பொறித்த பொன்மொழி. என்ன பொன்மொழி? 'அறிவு நல்லது.' இசை அங்கே ஒரு கோமாளித்தனம் பண்ணியிருந்தால் ஜோக் செத்திருக்கும். (பெர்ன்ஸ்டீனுக்கு இதனால் வந்த வினை, அடுத்த பத்து வருடம் காமெடி படங்களாக வந்து குவிந்தன. 'ஏர்பிளேன்', 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' எல்லாம் அவர்தான்.)

டீனாக வரும் ஜான் வெர்னானும் அப்படித்தான். 'டர்ட்டி ஹாரி'யில் மேயராக வந்தவர். ஏற்கெனவே புரொபேஷனில், அதாவது எச்சரிக்கையோடு கண்காணிப்பில், இருக்கும் டெல்டாவை 'டபுள் சீக்ரெட் புரொபேஷனில்' போடுகிறேன் என்று, தூக்குத் தண்டனை கொடுக்கும் நீதிபதி முகத்தோடு சொல்கிறார். தண்டனை பெற்றவர்களுக்கே தெரியாத தண்டனை! இந்த மாதிரி நிர்வாகத்தை நானும் பார்த்திருக்கிறேன், அதனாலோ என்னவோ இரண்டாம் தடவை பார்த்தபோது இங்கேதான் முதலில் வெடித்துச் சிரித்தேன்.

அப்புறம் ஜான் பெலூஷி. டெல்டா பையன் ப்ளூட்டோவாக வரும் அவருக்கு வசனம் மிகக் குறைவு. எல்லாம் புருவம்தான். கேன்டீனில் தட்டை நிரப்பிக்கொண்டே வாயையும் நிரப்பிக்கொண்டு போகிறார், பின்னால் தனக்குச் சரித்திரமும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று பின்னணிப் பாட்டில் பாடகர் சாம் குக் பாடிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து நீளமாகப் பேசும் ஒரே இடத்தில், பேர்ல் ஹார்பரில் ஜெர்மானியர்கள் குண்டு போட்டதாக முழங்குகிறார் (போட்டது ஜப்பான்). பக்கத்தில் ஒருவன் "ஜெர்மானியர்களா?" என்று கேட்க, "விடு, ஆள் வேகத்தில் இருக்கிறான்" என்று இன்னொருவன் அடக்குகிறான்.

வெறும் 30 லட்சம் டாலர் அளவில், ஒரிகன் பல்கலைக்கழக வளாகத்தில் எடுத்த படம். அமெரிக்காவில் மட்டும் 14 கோடி டாலரைத் தாண்டியது. பேராசிரியராக வரும் டொனால்ட் சதர்லாண்ட், லாபத்தில் பங்கு வேண்டாம், ரொக்கமாகவே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். பாவம்.

சரி, இன்று பார்த்தால்? எல்லாம் சிரிப்பு வராது. ஏணி வைத்து ஏறிப் பெண்களை ஒளிந்து பார்க்கும் காட்சியில்தான் பெலூஷியின் அந்தப் புகழ்பெற்ற புருவத் தூக்கல் வருகிறது. அது எனக்கு இப்போது நெருடுகிறது. போதையில் மயங்கிக் கிடக்கும் சிறுமியை வைத்துச் செய்த ஜோக் அதைவிட மோசம், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். கறுப்பினத்தவர் கிளப்புக்குள் வெள்ளைப் பையன்கள் நுழையும் காட்சியில், பயப்படும் பையன்களைத்தான் படம் கேலி செய்கிறது என்று வாதாடலாம். எனக்கு அது பாதிதான் ஒட்டுகிறது.

இன்னொன்று. மில்லர் இருந்த அந்த டார்ட்மவுத் சங்கம், உறுப்பினர்களின் உடம்பில் சூடு போட்ட விவகாரத்தில் 2015ல் கல்லூரி அங்கீகாரத்தை இழந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒமேகாவில் சேர வருகிறவன் குனிந்து நின்று, அடி விழ விழ "நன்றி ஐயா, இன்னொன்று கொடுங்கள்" என்று சொல்லும் காட்சியில் சிரிப்பு தொண்டையில் நிற்கும். அடி வாங்குகிற அந்தப் பையன் யார் தெரியுமா? பின்னாளில் பெரிய நடிகரான கெவின் பேகன், அவருடைய முதல் படம்.

பாருங்கள். ஆனால் வீட்டில் பெரியவர்கள் தூங்கிய பிறகு, ஹெட்போனோடு.