பில்லுக்குப் பயந்து ஹீட்டிங்கை நிறுத்தும் பெரியவர்கள்: நம் சங்கம் என்ன செய்யலாம்?

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் ஒரு தமிழ் முதியோர் சங்கம் நடத்துகிறோம். வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாடு, பஜனை, அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சு. போன குளிர்காலத்தில் வந்தவர்களில் பலர் மண்டபத்துக்குள்ளும் கோட்டைக் கழற்றவில்லை. மெல்ல விசாரித்தால், பில்லுக்குப் பயந்து வீட்டில் ஹீட்டிங்கைப் போடுவதே இல்லை என்கிறார்கள். எங்களிடம் ஒரு மண்டபம், சில தொண்டர்கள், கொஞ்சம் நன்கொடைப் பணம் இருக்கின்றன. ஆளுக்கொரு சின்ன எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்பது கமிட்டியின் யோசனை. இது சரியா?

பதில்: சரியில்லை. நல்ல மனதில் பிறந்த யோசனைதான், ஆனால் அந்தப் பெரியவர்களின் பில்லை அது இன்னும் ஏற்றிவிடும். பிரிட்டனில் ஒரு யூனிட் கரண்ட், ஒரு யூனிட் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 50 பென்ஸ். மாலையில் ஐந்து மணி நேரம் ஓடவிட்டால் மாதம் 75 பவுண்டு. முதல் பில் வந்ததும் அதையும் அணைத்து மூலையில் வைத்துவிடுவார்கள்.

ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், உட்கார்ந்தபடி போர்த்திக்கொள்ளும் எலக்ட்ரிக் போர்வை வாங்குங்கள். 100 வாட் போர்வை பத்து மணி நேரத்துக்கு ஒரு யூனிட்தான் எடுக்கும். ஆனால் நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமல் புண்ணாகிவிடலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது. நம் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். போர்வை ஆளை மட்டும்தான் சூடாக்கும், அறையின் குளிரும் ஈரமும் அப்படியே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் பார்ப்பதற்கு இந்த நாட்டில் எரிபொருள் வறுமை என்று பெயர். இங்கிலாந்தில் அரசு அதை அளக்கும் முறை இது: வீட்டை ஏ முதல் ஜி வரை தரம் பிரிக்கும் எனர்ஜி சான்றிதழில் டி அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும், வாடகையும் எரிபொருள் செலவும் போக மிஞ்சும் வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். சி தரத்து ஃபிளாட்டில் நடுங்கும் ஒருவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். அதனால் யாருக்கு உதவுவது என்று தீர்மானிக்க அரசின் அளவுகோலை எடுக்காதீர்கள். வீட்டில் ஹீட்டிங்கைப் போடப் பயப்படுகிறாரா? அந்த ஒரு கேள்வி போதும். பெரியவர்கள் இருக்கும் அறை 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அதற்குக் கீழே போனால் ரத்த அழுத்தம் ஏறும்; மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுச் சளி எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடும்.

இந்த நாட்டில் உதவி இல்லாமல் இல்லை. அது ஆங்கிலத்தில் இருக்கிறது, படிவத்தில் இருக்கிறது, நெடுநேரம் காத்திருக்க வைக்கும் போனில் இருக்கிறது. உங்கள் பெரியவர்களுக்கும் அந்த உதவிக்கும் நடுவில் நிற்க உங்களால் முடியும், ஏனென்றால் உங்களை அவர்கள் நம்புகிறார்கள். எந்தக் கவுன்சில் அதிகாரியிடமும் காட்டாத பில்லை உங்களிடம் காட்டுவார்கள். உங்கள் திட்டம் இதன் மேல்தான் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. பணம் அப்புறம்.

முதல் வேலை பென்ஷன் கிரெடிட். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஓய்வு வயதைக் கடந்த, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வாராவாரம் வரும் தொகை இது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நாடு முழுவதும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நம்மிடையே அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. "மகன் வீட்டில் இருக்கிறேன், அவன் நன்றாகச் சம்பாதிக்கிறான், எனக்கு எப்படித் தருவார்கள்?" என்று பெரியவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். மகனின் சம்பளத்தைப் பென்ஷன் கிரெடிட் கணக்கில் எடுப்பதில்லை. பெரியவருக்கும் அவருடைய துணைக்கும் உள்ள வருமானமும் சேமிப்பும்தான் கணக்கு. தகுதி இருந்தால் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டும் கேட்கலாம். போனில் விண்ணப்பிக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் ஏற்பாடு செய்வார்கள்.

பென்ஷன் கிரெடிட் கிடைத்துவிட்டால் வேறு கதவுகளும் திறக்கும். கவுன்சில் டாக்ஸில் குறைப்பு கிடைக்கலாம், பல்மருத்துவச் செலவு குறையும், 75 வயதானவர்களுக்கு டிவி லைசென்ஸ் இலவசம். நம் விஷயத்துக்கு முக்கியமானது வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட், அதாவது குளிர்காலத்தில் கரண்ட் அல்லது கேஸ் பில்லில் 150 பவுண்டு தள்ளுபடி. இதில் ஒரு சிக்கலும் உண்டு. பில் கணக்கு அந்தப் பெரியவர் பெயரிலோ அவருடைய துணையின் பெயரிலோ இருக்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாளைக் குறித்து, அன்றைய நிலையைத்தான் பார்ப்பார்கள். தனியாக வாழும் அம்மாவின் கரண்ட் கணக்கை வசதிக்காக மகள் தன் பெயரில் வைத்திருந்தால் அந்த 150 பவுண்டு கிடைக்காமல் போகலாம். உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் வீட்டில் இப்படி இருக்கிறது என்று ஜூன், ஜூலையிலேயே கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து விசாவில் வந்த பெரியவர்களுக்குப் பொது நிதியை, அதாவது அரசின் உதவித்தொகைகளைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். அவர்கள் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பித்தால் விசாவுக்கே பாதகமாகலாம். எனவே விசா நிலையைப் பார்க்காமல் ஒரு படிவத்தையும் நிரப்பாதீர்கள். ஆனால் நீங்களாக விசா ஆலோசனையும் சொல்லாதீர்கள். பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது இங்கே குற்றம். நிபந்தனை இருப்பதாகத் தெரிந்தால் அங்கீகாரம் உள்ள ஆலோசகரிடம் அனுப்பிவிடுங்கள்.

எந்த விசாவில் இருப்பவருக்கும் தடையில்லாத உதவி ஒன்று உண்டு. ஒவ்வொரு எனர்ஜி கம்பெனியும் ப்ரையாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர் என்ற பதிவேடு வைத்திருக்கிறது. ஓய்வு வயதினர், நோயாளிகள், சின்னக் குழந்தை உள்ளவர்கள் மட்டுமல்ல, ஆங்கிலத்தில் பேசச் சிரமப்படுபவர்களும் அதில் சேரலாம். கரண்ட் போனால் முன்னுரிமை, தேவைப்பட்டால் மீட்டர் ரீடிங் எடுக்க ஆள், பில்லின் நகலைப் பிள்ளைகளுக்கு அனுப்பும் வசதி எல்லாம் அதில் கிடைக்கும். செலவில்லை. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்கைந்து பேரைச் சேர்த்துவிடலாம்.

அடுத்தது, கடனும் ப்ரீபேமென்ட் மீட்டரும். கார்டில் பணம் போட்டு எரிக்கும் கேஸ் மீட்டர் உள்ளவர்கள் கோடையில் கேஸ் பயன்படுத்தாமல் டாப்-அப் செய்வதை நிறுத்திவிடுகிறார்கள். பயன்படுத்தாவிட்டாலும் வரும் ஸ்டாண்டிங் சார்ஜ் மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் 20 பவுண்டு போட்டால் பாக்கி அதில் ஒரு பங்கை விழுங்கிவிடும், மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார்கள். கோடையிலும் வாரம் இரண்டொரு பவுண்டு போட்டுவரச் சொல்லுங்கள். பணம் தீர்ந்து இருட்டில் இருப்பவர்களுக்கு உடனடி வழி, மீட்டரில் பணம் ஏற்றித் தரும் வவுச்சர். ஃபூட் பேங்க், கவுன்சிலின் அவசர நிதி, ஃப்யூவல் பேங்க் ஃபவுண்டேஷனோடு இணைந்த அமைப்புகள் மூலம் இது கிடைக்கும். உங்கள் பகுதியில் யார் தருகிறார்கள் என்று குளிர் தொடங்கும் முன்பே தெரிந்து வையுங்கள்.

கடன் கடிதம் வந்தால் பெரியவர்கள் அதை டிராயரில் போட்டு மூடிவிடுவார்கள். மானம் போய்விடுமே என்ற பயம். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. 75 வயதைக் கடந்து துணையின்றி வாழ்பவர் வீட்டில் கட்டாயமாக ப்ரீபேமென்ட் மீட்டர் பொருத்த, 2023க்குப் பிறகு வந்த விதிகள் அனுமதிப்பதில்லை. கம்பெனியின் தவறால் பில் வராமல் போயிருந்தால், 12 மாதத்துக்கு முந்தைய பயன்பாட்டுக்கு இப்போது பணம் கேட்க முடியாது. தவணைத் தொகையை வாடிக்கையாளரின் சக்தியைப் பார்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீரவில்லை என்றால் எனர்ஜி ஓம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். பெரிய கடனாக இருந்தால் நீங்கள் தீர்த்துவைக்க முயலாதீர்கள். கடன் ஆலோசனையும் உரிமம் வேண்டிய வேலை. சிட்டிசன்ஸ் அட்வைஸுக்கோ இலவசக் கடன் ஆலோசனை அமைப்புக்கோ கூடவே போய், பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் கொடுங்கள். அதுவே பெரிய உதவி.

இனி வீடு. பெரியவரின் வீட்டுக்குப் போவதற்கு முன் அரசின் இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டு எனர்ஜி சான்றிதழைப் பாருங்கள், யாரும் பார்க்கலாம். தனியார் வாடகை வீடு எஃப் அல்லது ஜி என்றிருந்தால், முறையான விலக்கு இல்லாதவரை அதை வாடகைக்கு விடவே கூடாது. 2020 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் எல்லா வாடகைக்கும் இந்த விதி உண்டு. கவுன்சிலிடம் புகார் செய்யலாம். ஆனால் வீட்டுக்காரர் நம்மவராகவே இருந்து, வெளியே போ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் பெரியவருக்கு இருக்கலாம். அவர் சம்மதிக்காமல் புகாரை அனுப்பாதீர்கள்.

வீட்டுக்குப் போகும்போது இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் பார்க்கட்டும். கதவடியில் காற்று வருகிறதா, சோபா ரேடியேட்டரை மறைக்கிறதா, டைமர் யாரும் இல்லாத நேரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். வெளிச்சுவரில் உள்ள ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டும் ஃபாயில், ஜன்னல் ஓரத்துக்கு ஃபோம் டேப், எல்இடி பல்பு ஆகியவற்றுக்கு நன்கொடைப் பணம் தாராளமாகப் போதும். தொட்டி இல்லாமல் அவ்வப்போது சுடுதண்ணீர் தரும் காம்பி பாய்லராக இருந்தால் ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்குக் குறைத்தாலே கேஸ் மிச்சமாகும். சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்யக் கூடாது, தண்ணீரில் கிருமி வளரும். பாய்லரின் மூடியை நீங்கள் திறக்கவே கூடாது, அது கேஸ் சேஃப் பதிவு பெற்றவரின் வேலை.

பூஞ்சை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புட்டு அவிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், துணியை ரேடியேட்டரில் காயப்போடுகிறோம். நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து கறுப்பாகப் பூக்கிறது. அடுப்படிக் கதவைச் சாத்தி ஃபேனைப் போடுவது நல்லதுதான். ஆனால் "உங்கள் சமையல்தான் காரணம்" என்று வீட்டுக்காரர் சொல்லி, நம்மவர்கள் தலைகுனிந்து கேட்டுக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சூடேற்ற முடியாத வீட்டில் யார் சமைத்தாலும் பூஞ்சை வரும். ராச்டேல் நகரில் 2 வயதுக் குழந்தை ஒன்று 2020இல் இறந்தது. அதற்குக் காரணம் வீட்டுப் பூஞ்சைதான் என்று 2022இல் மரண விசாரணை உறுதிசெய்தது. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறை மேல்தான் முன்பு பழி போட்டிருந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரமும் பூஞ்சையும் பற்றிச் சொன்னால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். உயிராபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும். போட்டோ எடுத்து, தேதியோடு எழுத்தில் அனுப்ப உதவுங்கள்.

சுவருக்கு இலவச இன்சுலேஷன் என்று கதவைத் தட்டுபவர்களிடம் மட்டும் கவனம். அரசுத் திட்டங்களில் போட்ட வெளிச்சுவர் இன்சுலேஷனில் 98 சதவீதம் பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இருந்ததாக நாட்டின் தணிக்கை அலுவலகம் 2025இல் சொன்னது. கவுன்சில் மூலமாக வரும் மானியத்தைக் கேளுங்கள், வாசலில் வருபவரிடம் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மண்டபத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இதையெல்லாம் தனியாகத் தொடங்க வேண்டியதில்லை. தென்கிழக்கு லண்டனில் செல்ஸ் என்ற சமூக அமைப்பு பள்ளிக் கூரைகளில் சோலார் போட்டு நடத்துகிறது. எனர்ஜி கஃபே என்ற பெயரில் தேநீரோடு பில் ஆலோசனையும் தருகிறது. பிரிக்ஸ்டனில் கவுன்சில் குடியிருப்பின் மொட்டைமாடியில் 2012இல் மக்களே பங்கு போட்டு சோலார் அமைத்தார்கள், வருமானத்தில் ஒரு பகுதி அந்தப் பகுதி வீடுகளின் எரிபொருள் செலவைக் குறைக்கப் போகிறது. சொந்தக் கட்டடம் உள்ள கோயில்கள் நம்மிடமும் உண்டு. அது பின்னால் பேச வேண்டிய பெரிய வேலை. இப்போதைக்கு உங்கள் பகுதியில் எனர்ஜி ஆலோசனை தரும் அமைப்பை மண்டபத்துக்கு அழையுங்கள். அவர்களிடம் பயிற்சி பெற்ற ஆட்கள் உண்டு, உங்களிடம் மொழி உண்டு. தொண்டர்களில் இருவரை நேஷனல் எனர்ஜி ஆக்‌ஷன் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் பயிற்சிக்கு அனுப்புங்கள். நன்கொடைப் பணத்தை இதற்குச் செலவழித்தால் பல ஆண்டுகளுக்குப் பயன்படும். பெரிய நிதி வேண்டுமென்றால் லாட்டரி நிதியத்தின் சிறு மானியத்துக்கு எழுதலாம், 20,000 பவுண்டு வரை தருகிறார்கள்.

தொண்டர்கள் யாருடைய பேங்க் பாஸ்வேர்டையும் கேட்கக் கூடாது, யாருடைய பில்லையும் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கக் கூடாது. கம்பெனியோடு பேசும்போது பெரியவர் பக்கத்தில் இருந்து தானே அனுமதி சொல்லட்டும். அப்புறம், பில் பார்க்கும் மேசையை மண்டபத்தின் நடுவில் போடாதீர்கள். ஒருவர் பில்லை இன்னொருவர் பார்த்துவிட்டால் அடுத்த வாரம் யாரும் கொண்டுவர மாட்டார்கள். பக்கத்து அறையில் கதவைச் சாத்தி உட்காருங்கள்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கிவிடுங்கள். வரும்போது கடைசி கரண்ட், கேஸ் பில், பென்ஷன் கடிதம், மீட்டரின் போட்டோ மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். திறக்காமல் வைத்திருக்கும் கடிதங்கள் இருந்தால் அவற்றையும்.